முட்டுக்குத்தி நின்ற வண்டி

வண்டி வந்த மறுநாள் காலையில் முற்றம் பெருக்கப் போனேன். அதன் இடது முன்பக்கம் தாழ்ந்து கிடந்தது. பஞ்சர் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் டயரில் காற்று கல்லுமாதிரி இருக்கிறது. வண்டியின் உடம்புதான் இறங்கி டயர்மேல் உட்கார்ந்திருந்தது. படுக்கப் போகிற மாடு முதலில் முன்காலை மடக்குமே, அந்த மாதிரி. ஆசைப்பட்டு வாங்கிவந்த பொருள் மறுநாளே முட்டுக்குத்தி நின்றால் யாருக்குத்தான் நல்லதாகத் தோன்றும்?

என் வீட்டுக்காரர் கல்ஃபில் ஒரு பெரிய குடும்பத்துக்கு டிரைவராக இருந்தவர். அங்கே அவர் ஓட்டியது இதே ஜாதி வண்டி. கப்பல் போல நீளம், உள்ளே தோல் சீட்டு, மேலே திறக்கிற கண்ணாடி. ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தவருக்கு அந்த வண்டியின் நினைப்பு மட்டும் போகவில்லை. கொச்சியில் ஒருவர் பழையது ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டார். ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டியே தெரியும் என்பது அவர் எண்ணம். கல்ஃபில் பழுது வந்தால் சாவியைக் கொண்டுபோய் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு டீ குடித்தவர் இவர் என்பதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது என்று எங்கள் அம்மா சில பேரைச் சொல்வாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு இராஜாக்கமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோரத்தில். முற்றம் சின்னது. வண்டியின் முன்பாதி முற்றத்திலும் பின்பாதி சந்திலுமாக நிற்கும். அந்தச் சந்து எங்களுக்கும் எதிர்வீட்டு மாமிக்கும் பொது. மாமி என்றால் சொந்தமில்லை, ஊர்முறைக்கு மாமி. தனியாக இருந்தாள், மீன் வியாபாரத்தை விட்டு வருஷங்களாகிவிட்டன. வாய் மட்டும் ஓயவில்லை. அன்று காலையிலேயே குடத்தோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, ஒனக்க சக்களத்தி வெடியுமுன்ன முட்டுக்குத்தி செபம் பண்ணுதா. நீ பூசைக்குப் போவலியா?”

சிரித்துவிட்டேன். பிறகுதான் கோபம் வந்தது.

இந்த மாதிரி வண்டிக்குச் சுருள் வில் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் மேலே ரப்பர் பைகள், அவற்றில் காற்று. அந்தக் காற்றின்மேல்தான் வண்டி நிற்கிறது. வயதானால் ரப்பர் வெடித்துக் கசியும். கசிந்ததை நிரப்ப ஒரு கம்ப்ரசர் ஓயாமல் ஓடி ஓடி அதுவும் ஒருநாள் எரியும். இதெல்லாம் அவர் தானே பழுதுபார்க்கும்போது நான் டார்ச் பிடித்தே படித்தது. அவர் லாப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகி வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்ப்பார். அது ஒரு நிமிஷம் ஓடி, ஒரு நிமிஷம் நின்று, சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடுகிற நிமிஷத்தில் கேட்டதை வைத்து அவர் வேலை செய்வார். ஓடாத நிமிஷத்தில் வந்ததை யார் கேட்டது?

பொய் சொல்லக் கூடாது, சில வேலைகளை நன்றாகவே செய்தார். சோப்புத் தண்ணீரைப் பைகளின்மேல் தெளித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். நுரை கொப்பளிக்கும் இடம் ஓட்டை. மேல்கண்ணாடியின் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய் உண்டு. எங்கள் தென்னையிலிருந்து உதிர்ந்த பூவும் குப்பையும் அதில் அடைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கி, கால்விரிப்புக்கு அடியில் இருந்த ஒயர்களை நனைத்துவிட்டது. டேஷ்போர்டில் திருவிழாச் சீரியல் செட்டு மாதிரி எல்லா விளக்கும் எரிந்தன. அவர் குழாயைக் குத்தி எடுத்தார், விரிப்பை உரித்து வெயிலில் காயப்போட்டார், பேட்டரியை மாற்றினார். விளக்குகள் அணைந்தன. கடற்காற்றின் உப்பு அடித்தகட்டை அரிக்காமலிருக்க வாரம் ஒருதடவை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவினார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் வண்டியின் வயிற்றைக் கழுவுகிறாரே என்று எனக்கு எரிந்தது. ஆனாலும் பழைய பெரிய வண்டி வைத்திருக்கிற கடலோரக்காரர்கள் அதைச் செய்யத்தான் வேண்டும் என்று இன்றும் சொல்லுவேன்.

என் பயம் வேறு. அவர் அதற்கு அடியில் படுத்துக்கிடப்பது.

வீடியோவில் வருகிற ஆள் சிமெண்ட் தரையில் படுத்திருப்பான். வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளில் ஏற்றி வைத்திருப்பான். எங்கள் முற்றம் கடல்மணல். ஜாக்கி வைத்தால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். அதற்கு ஒரு பலகையைப் போட்டுச் சமாளித்தார். ஸ்டாண்டு வாங்குங்கள் என்றேன். எதுக்கு, நம்மகிட்ட மரம் கெடக்கே என்றார்.

எங்கள் பக்கம் கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பாவின் மரம் அது. சுனாமி அன்று கரையில் கிடந்த எல்லாவற்றையும் கடல் இழுத்துக்கொண்டு போனபோது இது மட்டும் அலையோடு வந்து தென்னந்தோப்பில் செருகி நின்றது. அதற்குப் பிறகு ஊருக்கு ஃபைபர் வள்ளங்கள் வந்தன, மாமனாரும் போய்ச் சேர்ந்தார், மரத்தைக் கயிறு அவிழ்த்துத் துண்டு துண்டாக வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அதை விறகுக்குத் தொடக்கூட விடமாட்டார். சுனாமியே கொண்டுபோகாத மரம் அல்லவா? அதில் ஒரு தடியை அறுத்து இரண்டு கட்டைகளாக்கினார். வண்டியை ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே கட்டைகளை அடுக்கி, ஜாக்கியை உருவி எடுத்துவிடுவார். அப்புறம் வண்டி கட்டைமேல், இவர் வண்டிக்கு அடியில்.

“எங்கப்பாவ நடுக்கடல்ல தாங்கின மரம்ட்டி. இந்த வண்டியத் தாங்காதா?”

நான் அஞ்சுகிராமம் பக்கத்தில் பிறந்தவள். கடல் தெரியாதவள். அதனால் அந்தப் பேச்சுக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வரும். மிதக்க வேண்டிய மரத்தைக் கனமில்லாததாகப் பார்த்துத்தானே எடுத்திருப்பார்கள்? உள்ளே வைரம் பாய்ந்த மரம் கடலில் முங்கித்தானே போகும்? அந்த ஊரில் இது தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அப்பாவின் மரம் என்று வந்துவிட்டால் தெரிந்தது தெரியாமல் போகும்.

கட்டை தாங்கத்தான் செய்தது. ஒருதடவை, இன்னொருதடவை, அப்படியே மாதக்கணக்கில். அவர் வேலை முடித்துக் கட்டையை உருவிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். சட்டம் அழுந்திய இடத்தில் பல்லுப் பதிந்தமாதிரி ஒரு தடம் இருக்கும். முதலில் நகக்கண் ஆழம். பிறகு விரல் போகும் ஆழம். மறுநாள் காலையில் பெருக்கும்போது கட்டை நின்ற இடத்தில் மஞ்சளாக மாவு உதிர்ந்து கிடக்கும். எறும்பு கொட்டியது என்று நினைத்து மணலோடு கூட்டித் தள்ளுவேன். ஒருநாள் அந்த மாவை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. எறும்பு கொட்டும் மாவுக்கு ஏது ஈரம்? போய்ச் சொன்னேன். மழையில் நனைந்திருக்கும் என்றார்.

படுப்பதற்கு விரித்துக்கொள்ள எங்கிருந்தோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் கொண்டுவந்திருந்தார். யாரோ ஒரு வயதானவரின் நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ். கோட்டும் மாலையும் போட்ட முகம், இருபக்கமும் மெழுகுதிரி. திருப்பிப் போட்டுப் படுங்கள் என்று கெஞ்சினேன். அச்சடித்த பக்கம்தான் வழுக்கும், உள்ளே நுழைய சுகமாக இருக்கும் என்று முகம் மேலே பார்க்கவே விரிப்பார். செத்தவர் முகத்தில் தலையை வைத்து, நெஞ்சுக்கு மேல் அந்த இரும்பு வயிற்றோடு, கால் மட்டும் வெளியே தெரியக் கிடப்பார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். விரல் அசைகிறதா, அசைகிறதா என்று. சிரிக்காதீர்கள், பெண்டாட்டியாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்கிடையில் மாமிக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. வண்டியின் பின்பக்கம் சந்தை அடைப்பதால் குடத்தோடு ஒருக்களித்துப் போக வேண்டியிருக்கிறது என்று சண்டை. “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு இந்தச் சந்துல ஆளு நடக்கண்டாமா?” என்று கேட்டாள். அப்போ பாத்துக்கிடலாம் என்று நானும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அன்றோடு முகம் பார்ப்பதில்லை.

என்னோடுதான் பேச மாட்டாள். அவரைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவள், அவரை விடுவாளா? குடத்தை இடுப்பில் வைத்தபடி சந்தில் நின்று, வெளியே தெரிகிற காலைப் பார்த்துச் சத்தம் போடுவாள்.

“ஏலே மக்கா, எழும்பி வெளிய வாலே. பாக்க எனக்குக் கொல நடுங்குது.”

“இந்தா வாறேன் மாமி” என்று அடியிலிருந்து குரல் வரும். வரமாட்டார். அவள் கொஞ்சநேரம் நிற்பாள், பிறகு முணுமுணுத்துக்கொண்டே போவாள். நான் உள்ளுக்குள் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள் என்பதால் எனக்கு அவள்மேல் கோபம் கூடியதே ஒழியக் குறையவில்லை. வெளியே சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம்.

சாவைப் பற்றி இவருக்கும் ஒரு பயம் இருந்தது, அது வேறு வகை. கோயிலில் துக்க மணி அடித்தால் இவர் வீட்டில் யாரும் படுத்துக்கிடக்கக் கூடாது. எழும்பி நின்று, சிலுவை போட்டு, செத்தவருக்காக ஒரு செபம் சொன்ன பிறகுதான் மறுபடி படுக்கலாம். கிடந்தால், இங்கேயும் ஒருத்தர் தயாராகக் கிடக்கிறாரே என்று சாவுக்குத் தோன்றிவிடுமாம். பூசைக்கு ஒழுங்காகப் போகாத மனுஷன் இதை மட்டும் விடமாட்டார். சிக்குன்குனியாவில் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தபோதும் மணிச்சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்து எழும்பி நின்றார். உங்க ஆளுகளுக்குக் கிறுக்கு என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருஷம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மருமகள் நம்ம வண்டியில்தான் கோயிலுக்குப் போய் இறங்க வேண்டும் என்று இவர் எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தது காதில் விழுந்ததோ என்னவோ, வண்டி நாலு காலையும் மடக்கிப் படுத்துவிட்டது. கம்ப்ரசர் எரிந்துபோயிருந்தது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது படுத்துக்கொண்டு தின்றது. வேறு கார் பிடிக்கலாம் என்று நாத்தனாரே சொன்னாள். இவர் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்ரசரை வரவழைத்தார்.

அதே வாரத்தில்தான் எதிர்வீட்டு மாமிக்கு மூச்சுமுட்டு வந்து, அவள் மகள் வந்து நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டோ எங்கள் வண்டியைத் தாண்டி உள்ளே வர முடியாததால் சந்து முனைவரை அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுபோனார்கள். போகிறபோது நின்று வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு இவர் வேலையைத் தொடங்கினார். கம்ப்ரசர் இடதுபக்க அடிச்சட்டத்தில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஜாக்கியால் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, கட்டைகளை வைத்து, ஜாக்கியை உருவினார். கட்டை சின்னதாக ஒரு சத்தம் போட்டது. உட்காரும்போது பழைய நாற்காலி போடுமே, அது மாதிரி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஜாக்கி அதுலயே இருக்கட்டுமே” என்றேன்.

“கைய வீசி வேல செய்யண்டாமா? இடைஞ்சலா கெடக்கும்.”

ஃப்ளெக்ஸை விரித்து உள்ளே போனார். முதலில் தலை, பிறகு நெஞ்சு, பிறகு இடுப்பு. நான் சக்கரம் இருந்த இடத்தில் குத்தவைத்து டார்ச் அடித்தேன். பட்டப்பகல், வெயில் கண்ணைக் குத்துகிறது, வண்டிக்கு அடியில் மட்டும் இருட்டு. போல்ட்டு துருவேறி அசையவில்லை. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், ஸ்பானரை மாட்டி இரண்டு கையாலும் இழுத்தார். இழுக்கும்போதெல்லாம் வண்டி முழுக்க ஒரு ஆட்டம் ஆடியது. என் கண் கட்டையில் இருந்தது. மஞ்சள் மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. போதும், வெளியே வாங்க, மாவு கொட்டுது என்று கத்தினேன். கடைசிப் போல்ட்டு, இளகிவிட்டது, வாயை மூடிக்கொண்டு வெளிச்சத்தைப் பிடி என்றார்.

அப்போதுதான் மணி அடித்தது.

பூசை மணி விட்டுவிட்டு வராது. இது ஒன்று அடித்து, அந்தச் சத்தம் கடல்பக்கமாகப் போய் அடங்கிய பிறகு இன்னொன்று அடித்தது. அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் நின்றது.

“துக்க மணியாட்டி?”

ஆமா என்றேன்.

“சவம், இப்பமா அடிக்கணும்.” ஸ்பானரை என் கையில் நீட்டினார். அந்த ஃப்ளெக்ஸில் வழுக்கிக்கொண்டே, முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இடுப்பு, நெஞ்சு, தலை. எழும்பி நின்று, உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார், சிலுவை போட்டார், கோயில் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துச் செபம் சொன்னார். முடித்துவிட்டு, யாருக்கா இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.

கட்டை பிளந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, காய்ந்த ஓலையை மிதித்தமாதிரி ஒரு நொறுங்கல். வண்டி ஒரே இறக்கமாக இறங்கிச் சட்டம் மணலில் பதிந்தது. முற்றமே ஒருதடவை குலுங்கியது. தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. ஃப்ளெக்ஸில் அந்தப் பெரியவரின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே, இவர் நெஞ்சு இருந்த இடத்தில், இரும்பு உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஸ்பானரை எடுத்து வண்டிக் கதவில் ஓங்கி அடித்தேன். ஒன்று, இன்னொன்று, கை வலிக்கும்வரை. அவர் தடுக்கவில்லை. பிளந்த கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஓடுமாதிரி ஒரு தோல், உள்ளே முழுக்க நனைந்த புட்டுமாவு.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சந்து முனையில் யாரோ யாரிடமோ கேட்டார்கள், பதில் எங்கள் காதிலும் விழுந்தது. நாகர்கோவிலிலிருந்து போன் வந்திருக்கிறது, எதிர்வீட்டு மாமி தவறிவிட்டாள்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தது. சந்து முனையில் நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. சக்கரமில்லாமல் மணலில் புதைந்து கிடக்கும் வண்டியை யார் தள்ளுவது? அவளை இறக்கி, ஸ்ட்ரெச்சரோடு கையில் தூக்கித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. இவர் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. எங்கள் வாசல் வந்ததும் இடம் பற்றாமல் ஸ்ட்ரெச்சரை ஒருக்களித்து, வண்டியை உரசியபடி, பைய நகர்த்தினார்கள். முன்கால் மடங்கி, தலை மண்ணைத் தொட அது முட்டுக்குத்தி நின்றது. மாமி அதைத் தாண்டிப் போனாள்.

கல்யாணத்துக்கு வேறு கார் பிடித்தார்கள். அந்த வண்டியைப் பிறகு கிரேன் வைத்து எடுத்து, கொடுக்கிற விலைக்குக் கொடுத்தோம். மரத்தின் மிச்சத்தை இவரே வெட்டி அடுப்புக்குப் போட்டார். ஈர மரம், புகைதான் வந்தது.

அன்று மாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுததைப்போல என் வாழ்நாளில் நான் யாருக்கும் அழுததில்லை. என் அப்பாவுக்கும் இல்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் மகளே என்னைப் பிடித்துத் தேற்றினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள், ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாதே, பின்ன எதுக்கு இப்பிடி அழுத என்று.

நான் வாசல் பக்கம் பார்த்தேன். இவர் அங்கே கை கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

“வெளிய வா, வெளிய வாண்ணு மாமி எத்தன நாளு கூப்பிட்டா” என்றேன். “இவரு இண்ணைக்குத்தான் வந்தாரு.”